சூர்ய கிரண் வான்சாகசக் குழு

சூர்ய கிரண் வான்சாகசக் குழு என்பது இந்திய வான்படையைச் சேர்ந்த ஒன்பது விமான அணிவகுப்புக் குழு ஆகும். 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்குழு கர்நாடக மாநிலத்தின் வடகோடியில் உள்ள பீதர் வான்படைத் தளத்தில் இருந்து இயங்குகிறது. வான்படையின் 52-ஆவது படைப்பிரிவாக இது செயல்படுகிறது. தொடக்கத்தில் இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட கிரண் மார்க்-2 விமானங்களை ஓட்டிய இக்குழு, 2011-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2015-இல் ஹாக் மார்க்-132 விமானங்களுடன் மீண்டும் பறக்கத் தொடங்கியது.

சூர்ய கிரண் என்றால் கதிரவனின் கதிர்கள் என்று பொருள். முதலில் பயன்படுத்திய விமானத்தின் பெயரும் கிரண் என்பதால் இப்பெயர் இருவகையிலும் பொருந்தியது. 'எப்போதும் மிகச் சிறந்தது' என்னும் பொருள்படும் 'சதைவ சர்வோத்தம்' என்ற வடமொழித் தொடர் குழுவின் குறிக்கோளுரை ஆகும்.

குழு தோன்றியது, பதினைந்தாம் ஆண்டில் நின்றது, மீண்டும் எழுந்தது ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றே. அது இந்திய வான்படையின் விமானிப் பயிற்சிக்குக் கிடைத்த, அல்லது கிடைக்காமல் போன விமானங்கள். ஆகவே சூர்ய கிரணின் வரலாறு, நாட்டின் பயிற்சி விமானங்களின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று.

முன்னோடி: தண்டர்போல்ட்ஸ்

இந்திய வான்படை 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கப்பட்டது. அதன் பொன்விழா ஆண்டான 1982-இல் 'தண்டர்போல்ட்ஸ்' என்ற வான்சாகசக் குழு அமைக்கப்பட்டது. 20-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த இக்குழு, நீலமும் வெள்ளையும் பூசப்பட்ட ஒன்பது ஹாக்கர் ஹண்டர் விமானங்களைப் பயன்படுத்தியது.

ஹண்டர் ஒரு போர் விமானம். பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட இது, 1950-களின் இறுதியில் இந்திய வான்படையில் சேர்ந்தது. 1971 போரின்போது ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தானின் டாங்கிப் படையை முறியடித்தவை ஹண்டர்களே. உறுதியான உடலும் சீரான கட்டுப்பாடும் கொண்டிருந்ததால் வான்சாகசத்துக்கு மிகவும் ஏற்ற விமானமாக அது கருதப்பட்டது. ஆயினும் 1980-களில் அதற்கு வயதாகிவிட்டது. உதிரிபாகங்கள் கிடைப்பதும் பராமரிப்பதும் கடினமாயின. 1989-இல் தண்டர்போல்ட்ஸ் தன் கடைசிக் காட்சியை நடத்திவிட்டுக் கலைக்கப்பட்டது.

அதன்பின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வான்படைக்கு நிரந்தரமான ஒன்பது விமானக் குழு இல்லை.

போர் விமானமா, பயிற்சி விமானமா?

வான்சாகசக் குழு அமைக்க விரும்பும் எந்த வான்படையும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் குழுவும் அமெரிக்க வான்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழுவும் போர் விமானங்களையே ஓட்டுகின்றன. மாறாக, பிரித்தானியாவின் ரெட் ஏரோஸ், பிரான்சின் பத்ரூய் த பிரான்ஸ், இத்தாலியின் ஃப்ரெச்சே திரிக்கொலோரி ஆகிய புகழ்பெற்ற குழுக்கள் பல பத்தாண்டுகளாகப் பயிற்சி விமானங்களையே பயன்படுத்தி வந்துள்ளன.

பயிற்சி விமானத்தில் பல வசதிகள் உண்டு. அதன் எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் குறைவு. எல்லையில் நிற்க வேண்டிய போர் விமானங்களைக் காட்சிக்காக எடுக்க வேண்டியதில்லை. வேகம் குறைவு என்பதால் திரும்புவதற்குத் தேவையான வட்டமும் சிறியது. எனவே விமானங்கள் பார்வையாளர்களின் கண்ணெதிரிலேயே சுற்றி வர முடியும். அதிவேகப் போர் விமானம் ஒன்று திரும்பி வருவதற்குள் பல கிலோமீட்டர் தொலைவு சென்றுவிடும்.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. பயிற்சி விமானம் என்பது பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான கருவி. மாணவர்களுக்கு விமானம் போதாமல் போனால், காட்சிக்குச் சென்ற விமானங்களைத் திரும்பக் கேட்பார்கள். சூர்ய கிரணுக்கு நேர்ந்ததும் இதுவே.

கிரண் விமானம்

பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த எச்.ஜே.டி-16 கிரண், 1964 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமரும் இருக்கைகள் கொண்ட ஜெட் பயிற்சி விமானம் இது. தலைமுறை தலைமுறையாக இந்திய விமானிகள் ஜெட் விமானம் ஓட்டப் பழகியது கிரணில்தான்.

இதன் மேம்பட்ட வடிவமான மார்க்-2, 1976-இல் முதல் முறையாகப் பறந்தது. இதில் கூடுதல் ஆற்றல் கொண்ட ஆர்ஃபியஸ் இயந்திரம் பொருத்தப்பட்டது. ஆயுதப் பயிற்சி அளிப்பதற்கும் ஏற்றவாறு இதன் இறக்கைகள் வலுப்படுத்தப்பட்டன. இந்தக் கூடுதல் ஆற்றலே பின்னாளில் வான்சாகசத்துக்கு அதைத் தகுதி உடையதாக்கியது.

தோற்றம்: கோயம்புத்தூரில் முதல் காட்சி

1996 மே 27 அன்று பீதரில் சூர்ய கிரண் குழு அமைக்கப்பட்டது. விங் கமாண்டர் குல்தீப் மாலிக் இதன் முதல் தலைவர். பீதர் வான்படையின் பயிற்சித் தளம் என்பதால் கிரண் விமானங்களும், அவற்றை நன்கு அறிந்த பயிற்றுநர்களும், பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஒரே இடத்தில் இருந்தனர். தொடக்கத்தில் ஆறு விமானங்களுடன் பயிற்சி நடைபெற்றது.

நான்கு மாதங்களுக்குள் குழு பொதுமக்கள் முன் தோன்றியது. 1996 செப்டம்பர் 15 அன்று கோயம்புத்தூரில் வான்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழா நடைபெற்றது. அந்த விழாவில்தான் சூர்ய கிரண் தன் முதல் பொதுக்காட்சியை நிகழ்த்தியது. பின்னாளில் ஆசியாவின் பல நாடுகளில் பறந்த இக்குழுவை முதலில் கண்டவர்கள் கோவை மக்கள் ஆவர்.

1998-இல் விமானங்களின் எண்ணிக்கை ஒன்பதாக உயர்த்தப்பட்டது. ஆசியாவில் ஒன்பது விமானங்களுடன் பறக்கும் ஒரே வான்சாகசக் குழு என்று வான்படை இதைக் குறிப்பிடுகிறது. 2006-இல் இக்குழுவுக்குத் தனிப் படைப்பிரிவுத் தகுதி கிடைத்து, 52-ஆவது படைப்பிரிவு ஆனது.

விமானிகளும் பயிற்சியும்

குழுவில் ஒன்பது விமானங்கள் இருப்பினும் விமானிகள் ஏறத்தாழ பதின்மூன்று பேர் இருப்பர். அனைவரும் போர் விமானப் பிரிவில் இருந்து தாமாக முன்வந்து சேர்பவர்கள். தகுதி பெற்ற பறத்தல் பயிற்றுநராக இருப்பதும் முக்கிய நிபந்தனை. அதாவது சூர்ய கிரண் விமானிகள் அனைவரும் ஆசிரியர்கள். குழுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பின் அவர்கள் தம் பழைய பணிகளுக்குத் திரும்புகின்றனர். ஆண்டுதோறும் சிலர் வெளியேற, புதியவர்கள் சேர்வதால் பயிற்சி ஓய்வதே இல்லை.

புதிதாகச் சேர்பவர் நேராக ஒன்பது விமான அணிவகுப்பில் இடம்பெறுவதில்லை. முதலில் இரண்டு விமானங்கள், பிறகு மூன்று, நான்கு என்று எண்ணிக்கை கூட்டப்படும். முதலில் போதிய உயரத்தில் பழகி, தவறினால் திருத்திக்கொள்ள இடம் இருக்கும்போது பிழைகளைக் களைந்து, அதன் பிறகே உயரம் படிப்படியாகக் குறைக்கப்படும். இப்பயிற்சிக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும்.

விமானிகளைப் போலவே தரைப்பணியாளர்களின் பங்கும் பெரிது. ஒன்பது இயந்திரங்களும் ஒரே நேரத்தில் பழுதின்றி இயங்க வேண்டும். ஒன்று கிளம்பாவிட்டாலும் அன்றைய அணிவகுப்பின் வடிவமே மாறிவிடும்.

அணிவகுப்பு பறக்கும் முறை

கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்பது விமானங்களும் ஒரே கயிற்றில் கட்டியவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றை இணைப்பது விமானிகளின் பார்வை மட்டுமே.

தலைவர் ஒருவர்தான் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். வானிலை, காற்றின் திசை, தரையின் உயரம், பார்வையாளர் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வழிநடத்துவது அவர் பொறுப்பு. மற்றவர்கள் தமக்கு முன்னால் அல்லது பக்கத்தில் உள்ள விமானத்தை மட்டுமே பார்க்கின்றனர். அந்த விமானத்தின் உடலில் இரண்டு புள்ளிகளை அடையாளமாக வைத்துக்கொள்வர். அவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்வரை தாம் சரியான இடத்தில் இருப்பதாகப் பொருள். கோடு விலகினால் உடனே கைப்பிடியையும் விசைக் கட்டுப்பாட்டையும் சிறிதளவு அசைத்துச் சரிசெய்வர். காட்சி முடியும்வரை இந்தத் திருத்தங்கள் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். விமானங்களின் இறக்கை முனைகளுக்கு இடையே ஐந்து மீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கும் கட்டங்களும் உண்டு.

தலைவர் தம் இயந்திரத்தின் முழு ஆற்றலையும் பயன்படுத்துவதில்லை. ஒன்பது விமானங்களும் ஒரே வகையானவை. தலைவர் முழு விசையில் மேலே ஏறினால், சற்றுப் பின்தங்கிய விமானம் எட்டிப் பிடிப்பதற்கு அதனிடம் கூடுதல் விசை இராது. எனவே பின்வருவோருக்காகத் தலைவர் எப்போதும் சிறிது விசையை மிச்சம் வைத்தே ஓட்டுகிறார்.

அணி முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பும்போது மற்றொரு கணக்கு வருகிறது. வட்டத்தின் வெளிப்புறத்தில் உள்ள விமானம் அதிகத் தொலைவும், உட்புறத்தில் உள்ள விமானம் குறைந்த தொலைவும் செல்ல வேண்டும். ஆகவே வெளியில் இருப்பவர் விசையைக் கூட்டவும் உள்ளே இருப்பவர் குறைக்கவும் வேண்டும். மைதானத்தில் மாணவர்கள் வரிசையாகத் திரும்பும்போது உள்முனையில் நிற்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிமுனையில் உள்ளவர் ஓடி வருவதை இதற்கு ஒப்பிடலாம்.

செங்குத்து வட்டம் அடிக்கும்போது விமானியின் உடல் மீது பெரும் விசை செயல்படுகிறது. புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு விசை என்றால், 70 கிலோ எடையுள்ளவர் தம்மை 280 கிலோவாக உணர்வார். தலையில் இருந்து இரத்தம் கீழே இறங்கும். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி அதைத் தடுத்தபடியே அவர் அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாகசங்களும் வண்ணப் புகையும்

ஒன்பது விமானங்களும் சாய்சதுர வடிவில் அமைவது 'வைர' அணிவகுப்பு ஆகும். காட்சியின் முதற்பகுதியில் அணி முழுவதும் சேர்ந்து வட்டங்களையும் உருளல்களையும் செய்யும். பின்பகுதியில் அணி சிறு குழுக்களாகப் பிரியும். இரண்டு விமானங்கள் புகையால் வானில் இதய வடிவம் வரைவது, விமானங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சென்று மரபணுவின் முறுக்கேணி வடிவத்தைக் காட்டுவது, அணி முழுவதும் மேலே சென்று பூ விரிவதுபோல் எல்லாத் திசைகளிலும் சிதறுவது ஆகியவை மக்கள் விரும்பிப் பார்க்கும் காட்சிகள்.

இரண்டு விமானங்கள் எதிரெதிராக வந்து கடக்கும் சாகசமும் உண்டு. ஒவ்வொன்றும் மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் வந்தால் அவை நெருங்கும் வேகம் மணிக்கு 1,200 கி.மீ. ஆகும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 333 மீட்டர். ஒரு கிலோமீட்டர் இடைவெளி மூன்று நொடிகளில் மறைந்துவிடும். மோதப்போவதுபோல் பார்வையாளருக்குத் தோன்றினாலும், இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் இடைவெளி விடப்பட்டிருக்கும். பார்க்கும் கோணத்தில் அது தெரியாது.

விமானங்கள் விடும் புகை எரிபுகை அன்று. இயந்திரத்தின் பின்புறம் வெளியேறும் சூடான காற்றில் எண்ணெய் தெளிக்கப்படும்போது அது ஆவியாகி, வெளியே குளிர்ந்து வெண்புகையாகிறது. சாயம் கலந்தால் நிறம் கிடைக்கும். ஹாக் விமானங்களுக்காகப் புகைக் கலன்கள் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டன. மூவண்ணப் புகையுடன் தேசியக் கொடியின் நிறங்களை வானில் தீட்டுவது குழுவின் அடையாளமாகிவிட்டது. புகை அழகுக்கு மட்டும் அன்று. தொலைவில் உள்ள விமானத்தை மற்ற விமானிகள் எளிதில் கண்டுகொள்ளவும் உதவுகிறது.

வானிலையைப் பொறுத்துக் காட்சியின் அமைப்பு மாறும். மேகம் தாழ்ந்திருந்தால் செங்குத்து வட்டங்கள் கைவிடப்பட்டு, தாழ்வான திருப்பங்கள் மட்டுமே நிகழ்த்தப்படும். பறவைகள் மிகுந்த இடங்களும் ஆபத்தானவை.

உயிரிழப்புகள்

2006 மார்ச் 18 அன்று பீதர் அருகே பயிற்சியின்போது கிரண் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த விங் கமாண்டர் தீரஜ் பாட்டியா, ஸ்குவாட்ரன் லீடர் ஷைலேந்தர் சிங் ஆகிய இருவரும் உயிரிழந்தனர். 2009 ஜனவரி 21 அன்று பீதர் அருகிலேயே நடந்த மற்றொரு விபத்தில் விங் கமாண்டர் ஆர்.எஸ். தாலிவால் உயிரிழந்தார்.

கிரண் மார்க்-2 விமானங்களைக் கொண்டு இந்தியக் கடற்படையும் 'சாகர் பவன்' என்ற குழுவை நடத்தி வந்தது. 2010 மார்ச் 3 அன்று ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் நடந்த விமானக் கண்காட்சியில் அதன் விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் இருந்த கட்டடத்தின் மீது விழுந்ததில் கடற்படை விமானிகள் இருவர் இறந்தனர்.

சூர்ய கிரணின் இவ்விரு விபத்துகளும் பெருங்கூட்டத்தின் முன் நடந்தவை அல்ல. பயிற்சிப் பறப்பில் நிகழ்ந்தவை. சில நிமிடங்களே நீளும் காட்சிக்குப் பின்னால் யாரும் கைதட்டாத நூற்றுக்கணக்கான பயிற்சிப் பறப்புகள் உள்ளன. ஆபத்தின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது.

நிறுத்தம் (2011)

சூர்ய கிரண் நின்றுபோனதற்கு விபத்துகளை விட முக்கியமான காரணம் வேறொன்று. அதற்கு அன்றைய பயிற்சி முறையை அறிய வேண்டும்.

இந்திய வான்படையில் போர் விமானி ஆகப் போகிறவர் மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதற்படியில் விசிறி பொருத்திய எளிய விமானமான எச்.பி.டி-32 தீபக், இரண்டாம் படியில் கிரண், மூன்றாம் படியில் உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம். இவற்றில் தீபக் விமானத்தின் இயந்திரம் நடுவானில் நின்றுவிடும் கோளாறு நெடுங்காலம் தொல்லை கொடுத்தது. 2009 ஜூலை 31 அன்று அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் தீபக் ஒன்று விழுந்து பயிற்றுநர் இருவர் இறந்தனர். அதன்பின் அவ்வகை விமானங்கள் அனைத்தும் பறப்பதில் இருந்து நிறுத்தப்பட்டன.

முதற்படியே இல்லாமல் போனது. புதிய மாணவர்கள் நேராகக் கிரணிலேயே அரிச்சுவடி பயில வேண்டியதாயிற்று. இரண்டாம் படிக்கும் அதுவே தேவைப்பட்டது. கிரணுக்கு மாற்றாக உருவாக்கப்பட்டு வந்த எச்.ஜே.டி-36 சிதாரா விமானம் 2003-இலேயே முதற்பறப்பை முடித்திருந்தும், கட்டுப்பாடு இழந்து சுழலும் நிலையில் எழுந்த சிக்கல்களால் படைக்கு வந்து சேரவில்லை. கிரண்களுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் ஒரு படைப்பிரிவு நிறையக் கிரண்களைக் காட்சிக்காக வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியவில்லை. 2011 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சியோடு சூர்ய கிரண் நிறுத்தி வைக்கப்பட்டது. விமானங்கள் மாணவர்களிடம் சென்றன.

முதற்படிக்குத் தீர்வு சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தது. 2012-இல் 75 பிலாட்டஸ் பிசி-7 மார்க்-2 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டு, 2013-இல் அவற்றில் பயிற்சி தொடங்கியது.

ஹாக் விமானத்துடன் மறுபிறப்பு

மூன்றாம் படியின் கதை இன்னும் நீண்டது. இந்தியாவுக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று 1982-இலேயே லா ஃபொன்டேன் குழு பரிந்துரைத்தது. தண்டர்போல்ட்ஸ் அமைந்த அதே ஆண்டு அது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாக 2004 ஆகிவிட்டது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளும் இளம் விமானிகள் மெதுவான பயிற்சி விமானத்தில் இருந்து அதிவேக மிக்-21 விமானத்துக்கு நேராகத் தாவ வேண்டியிருந்தது. அக்காலத்து மிக்-21 விபத்துகளைப் பற்றிய விவாதங்களில் இந்த இடைவெளி தொடர்ந்து சுட்டிக்காட்டப்பட்டது.

2004-இல் பிரித்தானியாவின் பிஏஇ நிறுவனத்திடம் இருந்து 66 ஹாக் விமானங்கள் வாங்க முடிவாயிற்று. அவற்றுள் 24 நேரடியாக வந்தன. 42 பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டன. 2008-இல் ஹாக் முறைப்படி படையில் சேர்ந்த இடம் சூர்ய கிரணின் தளமான பீதரே. 2010-இல் வான்படைக்கும் கடற்படைக்குமாக மேலும் 57 விமானங்களுக்கு ஒப்பந்தமாயிற்று.

மாணவர்களுக்குப் போதிய ஹாக்குகள் கிடைத்த பிறகே குழுவை மீட்க வழி பிறந்தது. 2015-இல் பீதரில் குழு மீண்டும் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் நடந்த வான்படை நாள் விழாவில் நான்கு ஹாக்குகளுடன் சூர்ய கிரண் பறந்தது. பின்னர் ஆறாகி, 2017 அளவில் ஒன்பது விமானங்களை எட்டியது. சிவப்பும் வெள்ளையும் பூசப்பட்ட இந்த ஹாக்குகள், ரெட் ஏரோஸ் குழு ஓட்டும் ஹாக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கிரணில் விமானிகள் அருகருகே அமர்வர். ஹாக்கில் ஒருவர் பின் ஒருவர். ஹாக் வேகமானது, ஆற்றல் மிக்கது. எனவே பழைய குழுவின் அனுபவத்தை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. இடைவெளிகள், திருப்ப வட்டங்கள், பார்வைப் புள்ளிகள் என அனைத்தையும் புதிதாக வகுக்க வேண்டியிருந்தது.

2019 விபத்து

2019 பிப்ரவரி 19 அன்று, ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள், பெங்களூரின் எலகங்கா தளத்தில் ஒத்திகை நடைபெற்றது. அப்போது சூர்ய கிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. மூன்று விமானிகளில் இருவர் அவசர வெளியேற்ற இருக்கைகள் மூலம் உயிர் தப்பினர். விங் கமாண்டர் சாகில் காந்தி உயிரிழந்தார்.

குழு கலைக்கப்படவில்லை. மீண்டும் சிறிய அணிகளில் இருந்து தொடங்கி, காலப்போக்கில் ஒன்பது விமான அணிவகுப்புக்குத் திரும்பியது.

வெளிநாட்டுக் காட்சிகள்

இலங்கை வான்படையின் பொன்விழாவை ஒட்டி 2001-இல் சூர்ய கிரண் கொழும்பு சென்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின், அவ்வான்படையின் 70-ஆம் ஆண்டு நிறைவுக்காக 2021 மார்ச் மாதத்தில் கொழும்பு காலிமுகத்திடலில் மீண்டும் பறந்தது. முதல் முறை கிரணிலும் இரண்டாம் முறை ஹாக்கிலும் வந்ததால், குழுவின் இரண்டு காலங்களையும் கொழும்பு மக்கள் கண்டுள்ளனர். 2008 நவம்பரில் சீனாவின் சூகாய் விமானக் கண்காட்சியிலும், 2021 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியிலும் குழு கலந்துகொண்டது.

உள்நாட்டில் வான்படை நாள், ஏரோ இந்தியா ஆகியவற்றோடு பிற நிகழ்வுகளிலும் குழு தோன்றுகிறது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப்போட்டியின்போது விளையாட்டரங்கின் மேல் ஒன்பது ஹாக்குகள் பறந்தன.

சென்னை மெரினா, 2024

நெடுங்காலம் டெல்லி வட்டாரத்திலேயே நடந்துவந்த வான்படை நாள் விழா, 2022-இல் சண்டிகருக்கும் 2023-இல் பிரயாக்ராஜுக்கும் 2024-இல் சென்னைக்கும் சென்றது. 92-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை அன்று மெரினா கடற்கரையில் வான்சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. சூர்ய கிரணும், கோவையை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் ஹெலிகாப்டர் குழுவும் அதில் பங்கேற்றன.

பல லட்சம் மக்கள் திரண்டனர். நண்பகல் வெயில் கடுமையாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்து அனைவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப முயன்றபோது சாலைகளும் ரயில் நிலையங்களும் நெரிசலில் திணறின. பலர் மயங்கி விழுந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். குடிநீர், நிழல், போக்குவரத்து ஏற்பாடுகள் போதுமானவையாக இருந்தனவா என்பது குறித்துத் தமிழ்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. வானில் ஒவ்வொரு மீட்டரும் கணக்கிடப்படும் ஒரு காட்சியில், தரையில் நிற்கும் கூட்டத்துக்கும் அதே அளவு கணக்கு வேண்டும் என்பதை அந்த நாள் உணர்த்தியது.

குழுவின் பயன்

வான்சாகசக் குழுக்களுக்குச் செய்யப்படும் செலவு தேவைதானா என்ற கேள்வி பல நாடுகளிலும் எழுவதுண்டு. இளைஞர்களைப் படையில் சேர ஈர்ப்பதும், நட்பு நாடுகளில் இந்தியாவின் முகமாக விளங்குவதும், விமானிகளின் திறனை மக்களுக்குக் காட்டுவதும் இக்குழுக்களின் நோக்கங்களாகக் கூறப்படுகின்றன. எதிர்த் தரப்பில், உயிரிழப்புகளும் பயிற்சி விமானங்களின் பற்றாக்குறையும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

2011-இல் இந்திய வான்படை இவ்விரண்டுக்கும் இடையே தெளிவாக ஒன்றைத் தேர்ந்தது: காட்சி நின்றது, வகுப்பு தொடர்ந்தது. வகுப்புக்குப் போதிய விமானங்கள் கிடைத்த பின்னரே காட்சி திரும்பியது. எனவே வானில் ஒன்பது ஹாக்குகள் சேர்ந்து பறக்கும்போது, அதைச் சாகசத்தின் அடையாளமாக மட்டுமின்றி, பயிற்சிப் பள்ளியில் மாணவர்களுக்குப் போக ஒன்பது விமானங்கள் மிச்சம் இருக்கின்றன என்பதன் அடையாளமாகவும் கொள்ளலாம்.